பல் வைத்தியருக்கும் ஒரு மனம் உண்டு

பல் நோவு வந்தவனுக்குப் பல் வைத்தியர் தெய்வம். நாற்காலியில் சாய்ந்துவிட்டாலோ அவரே யமன் என்று என் மாமியார் வேடிக்கையாகக் கூறுவதுண்டு. இருபத்தாறு ஆண்டுகளாக ஒரு பல் வைத்தியரின் இல்லத்தரசியாக இருக்கும் எனக்கு, அவ்வேடிக்கையில் உள்ள உண்மை நன்கு தெரியும். அவரிடம் விருப்பத்தோடு ஒருவரும் வருவதில்லை. அச்சத்தோடு வருகிறார்கள்; வேலை முடிந்ததும் விடுதலை பெற்றவர்கள் போல விரைந்து செல்கிறார்கள்.

என் கணவர் மட்டக்களப்புப் பகுதியில் காலையில் அரசாங்க வைத்தியசாலையிலும், மாலையில் தமது சொந்தச் சிகிச்சை நிலையத்திலும் பணிபுரிகிறவர். இரண்டிடத்திலும் அவருடைய உலகம் ஒரு மனிதனின் வாயளவே. பல்லின் மேலோடு ஏறக்குறைய 2 மில்லிமீற்றர் தடிப்புத்தான்; வேரின் துவாரமோ நூலிழை போன்றது. நிமிடத்துக்கு 3 இலட்சம் தடவைக்கு மேல் சுழலும் கருவியை வாய்க்குள் செலுத்தும்போது, நோயாளியின் நாக்கு அசையும். குழந்தையாயின் தலையையே திருப்பிவிடும். கழுத்தும் முதுகும் வளைந்தபடி மணிக்கணக்காக நிற்கவேண்டும். பகல் முழுவதும் மனிதர்களின் நடுவே இருக்கிறார். ஆனால் வாயைத் திறந்து வைத்திருக்கும் அவர்களுள் ஒருவராவது அவரோடு பேச முடியாது. இந்தத் தனிமையை வெளியார் அறியார்.

நோயாளியின் அச்சத்தை அளப்பதற்கு நோர்மன் கோரா என்னும் அமெரிக்க அறிஞர் 1969 ஆம் ஆண்டிலேயே ஒரு வினாக்கொத்தை அமைத்தார். விறைப்பூசியைக் கையில் ஏந்தி நிற்பவரின் மனத்தைப் பற்றியோ நம்மில் எவரும் எண்ணுவதில்லை.

நமது நாட்டில் இன்னொரு பாரமும் உண்டு. இலங்கை ஆண்களிடையே அதிகமாகக் காணப்படும் புற்றுநோய்களுள் வாய்ப்புற்றுநோய் முக்கியமானது. வெற்றிலை, பாக்கு, புகையிலைப் பழக்கமே அதற்குப் பெருங்காரணம். ஒருநாள் படுவான்கரையிலிருந்து ஒரு கமக்காரர் சொத்தைப் பல்லைப் பிடுங்கவென்று வந்தாராம். அவருடைய கன்னத்தின் உட்புறத்தில் என் கணவர் கண்டது வேறு. “பல்லை மட்டும் எடுத்துவிடுங்கள், ஐயா, அறுவடை கிடக்கிறது” என்று அவர் அவசரப்பட்டாராம். அவரிடம் பக்குவமாக உண்மையைச் சொல்லி, மேற்பரிசோதனைக்கு அனுப்பிவைத்த அடுத்த நிமிடமே, அடுத்த இலக்கத் துண்டுக்காரரைச் சிரித்த முகத்துடன் அழைக்க வேண்டும். அன்றிரவு அவர் சோற்றைத் தொடவில்லை.

2020 ஆம் ஆண்டில் கொரோனா வந்தபோது, நோயாளியின் மூச்சுக்கு மிக அண்மையில் நின்று வேலை செய்பவர் என்பதால், வீட்டுக்குள் நுழையவே அவர் அஞ்சினார். 2022 இல் பொருளாதார நெருக்கடி வந்தது. மின்வெட்டும் மருந்துத் தட்டுப்பாடும் ஒருபுறம். உடனிருந்த வைத்தியர்கள் சிலர் வெளிநாடு சென்றுவிட, அவர்களுடைய வேலையும் இவர் தலையில் விழுந்தது மறுபுறம். பாட்டில் பிரியமுள்ளவர் வானொலியை அணைக்கச் சொன்னார். “எல்லாம் வெறும் பற்கள்தாம், மனிதர்களாகத் தெரியவில்லை” என்றார். பின்னர் ஓர் இரவு, “நாளை விடியாமலே இருந்தால் எவ்வளவு நிம்மதி!” என்றார்.

அச்சொல்லைக் கேட்டு நான் நடுங்கினேன். ஆயினும், “சாக வேண்டும் என்று எண்ணுகிறீர்களா?” என்று நேராகவே கேட்டேன். நெடுநேரம் கழித்து, “சில வேளைகளில்” என்றார். இப்படிக் கேட்பதனால் இல்லாத எண்ணம் தோன்றிவிடாது. உள்ளே அடைத்து வைத்திருப்பதை வெளியிட அது வழியாகும் என்று மனநல வைத்தியர்கள் கூறுகிறார்கள்.

சிகிச்சைக்கு அவர் உடனே இணங்கவில்லை. “பல் வைத்தியருக்கே மூளை சரியில்லையாம் என்று ஊர் பேசினால் என் கைராசி என்னாவது?” என்றார். அந்தக் கைராசிக்காகவே வேறொரு மாவட்டத்து வைத்தியரிடம் சென்றோம். அவர் இரண்டு விஷயங்களைப் பிரித்து விளக்கினார். ஒன்று தொழிற்களைப்பு. உலக சுகாதார நிறுவனம் 2019 இல் இதற்கு மூன்று அடையாளங்களை வகுத்தது: சக்தி முழுவதும் வற்றிப்போதல், தொழிலில் வெறுப்பும் விலகலும், செய்வதில் பயனில்லை என்னும் உணர்வு. அது நோயன்று; வேலையினால் விளைவது. மற்றது மனச்சோர்வு, அது நோய், அதற்கு மருந்து உண்டு. மருந்து நோயைத் தணிக்கும். வேலையை மாற்றாவிட்டால் களைப்புத் தீராது என்றார்.

ஆகவே வேலையை மாற்றினோம். மாலை நோயாளிகளின் தொகையைப் பாதியாக்கினார். ஒருவருக்கும் அடுத்தவருக்கும் இடையே 10 நிமிட ஓய்வு. ஞாயிறும் புதனும் நிலையம் பூட்டு. கழுத்தை வளைக்காமல் பார்க்க உதவும் பெருக்குக் கண்ணாடியை வாங்கினார். உடன் படித்த இருவரை மாதம் ஒருமுறை சந்திக்கிறார். வேருக்குள் ஊசி முறிந்த கதையைக்கூட அங்கே வெட்கமின்றிப் பேசலாம். வருமானம் குறைந்தது, மேல்மாடி கட்டும் எண்ணத்தைக் கைவிட்டோம். மருந்து பல மாதங்கள் தொடர்ந்தது. முழுக்குணம் என்று நான் துணிந்து சொல்லமாட்டேன். ஆனால் வானொலி மீண்டும் பாடுகிறது.

பல் வைத்தியர்களே மற்றெல்லோரினும் அதிகமாகத் தம்முயிரை மாய்த்துக்கொள்கிறார்கள் என்று மேல்நாடுகளில் நெடுங்காலப் பேச்சொன்று உண்டு. ஆய்வுகள் அதனை ஒருமுகமாக உறுதிசெய்யவில்லை. ஆனால் அவர்களுடைய மனச்சுமை பொய்யன்று.

சகோதரிகளே, உங்கள் வீட்டில் உழைப்பவர் எத்தொழில் செய்பவராயினும், அவருடைய மௌனம் நாட்கணக்கில் நீடித்தால் அதைக் கோபமென்று ஒதுக்கிவிடாதீர்கள். அருகிருந்து கேளுங்கள். சாவைப் பற்றிய பேச்சு எழுந்தால் தாமதியாமல் வைத்தியரை நாடுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கத்திலும் உதவி கேட்கலாம். அடுத்த முறை பல் நோவுடன் செல்லும்போது, நோவு தீர்ந்த பின் ஒரு நன்றிச் சொல் கூறிவிட்டு வாருங்கள். அன்று அவருக்குக் கிடைக்கும் ஒரே நல்ல வார்த்தை அதுவாகவும் இருக்கலாம்.