இஞ்ச் டேப்பும் ஒரு மருத்துவக் கருவிதான்

எங்கள் காலத்தில் கொஞ்சம் சதைப்பிடிப்பாக இருந்தால் ‘வசதியான வீட்டுப் பிள்ளை’ என்பார்கள். ஒல்லியாக இருப்பவரிடம், ‘உனக்கென்னப்பா, எந்த நோயும் அண்டாது’ என்பார்கள். எழுபதைத் தாண்டிவிட்டேன். உற்றார் உறவினர் பலர் சர்க்கரையோடு போராடுவதைப் பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன், பிள்ளைகளே: இரண்டுமே தவறு. உடம்பைக் கண்ணால் கணிக்க முடியாது, அளந்துதான் பார்க்க வேண்டும்.

முதல் அளவு பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கேற்ற எடையா என்று காட்டும் உடல் நிறை எண். எடை 64 கிலோ, உயரம் 160 செ.மீ., அதாவது 1.6 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 64-ஐ 1.6-ஆல் வகுத்தால் 40. அதை மறுபடியும் 1.6-ஆல் வகுத்தால் 25. அவ்வளவுதான் கணக்கு.

பொதுவாக உலக அளவில் 18.5 முதல் 25-க்குள் இருந்தால் சரியான எடை என்பார்கள். நமக்கு அந்த வரம்பு பொருந்தாது. 23-ஐத் தொட்டால் அதிக எடை, 25-ஐத் தொட்டால் உடற்பருமன் என்று இந்திய மருத்துவ வல்லுநர்கள் 2009-இல் வரையறுத்தார்கள். குறைந்த எடையிலேயே சர்க்கரையும் இதய நோயும் நம்மவர்களைப் பிடித்துக்கொள்வதுதான் காரணம்.

இந்த வேறுபாட்டைக் காட்ட, புணே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் பிரிட்டிஷ் மருத்துவர் ஜான் யுட்கினும் 2004-இல் ‘லான்செட்’ இதழில் தங்கள் படங்களையே அருகருகே வெளியிட்டார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. ஆனால் உடல் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம்!

பி.எம்.ஐ.க்குத் தசை எது, கொழுப்பு எது என்று பிரிக்கத் தெரியாது. மூட்டை தூக்கி உரமேறிய உடம்புக்கு எண் கூடுதலாகக் காட்டலாம். என் வயதுக்காரர்களுக்குத் தசை கரைந்து தொப்பை வளர்ந்தாலும் எண் அப்படியே நிற்கலாம். வளரும் பிள்ளைகளுக்கு இந்த வரம்புகள் செல்லாது, அவர்களுக்கு வயதுக்கேற்ற தனி அட்டவணை உண்டு.

அதனால் இஞ்ச் டேப்பையும் எடுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே டேப்பைச் சுற்றுங்கள். வயிற்றை எக்காமல், மூச்சை இயல்பாக வெளியே விட்டபின் அளவைப் பாருங்கள். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டக் கூடாது. வயிற்றுக்குள் சேரும் கொழுப்புதான் அதிகக் கெடுதல் செய்யும்.

எண் கூடிவிட்டதே என்று பட்டினி கிடக்காதீர்கள், விளம்பரத்தைப் பார்த்துப் பவுடர் டப்பா வாங்காதீர்கள். மருத்துவரிடம் போய்ச் சர்க்கரை, ரத்த அழுத்தம், ரத்தக் கொழுப்பு மூன்றையும் பரிசோதியுங்கள். 18.5-க்குக் கீழே இருந்தாலும் போய்க் காட்டுங்கள். எண் சரியாக இருந்து தொப்பை மட்டும் தள்ளியிருந்தாலும் அலட்சியம் வேண்டாம். பி.எம்.ஐ. நோயைச் சொல்லும் தீர்ப்பு அல்ல, சோதித்துப் பார்க்கச் சொல்லும் எச்சரிக்கை. இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டிலுள்ள பெரியவர்கள் எல்லோருக்கும் எடை, உயரம், இடுப்பளவு மூன்றையும் அளந்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.