மாமியின் நெஞ்சில் கிடந்த என் மகன்



கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் கர்ப்பிணி இருந்தால் கட்டாயம் வாசியுங்கள். ஆண்களும் வாசியுங்கள்.

என் இரண்டாவது மகன் 32 கிழமையில் பிறந்தான். நிறை 1 கிலோ 600 கிராம். அன்று பின்னேரம்வரை தவணைப் பரீட்சை விடைத்தாள் திருத்திக்கொண்டு இருந்தேன். இரவே பன்னீர்க்குடம் உடைந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் முதல் வேலையாக எனக்கு ஓர் ஊசி போட்டார்கள். வயிற்றுப் பிள்ளையின் சுவாசப்பையை முதிரச் செய்யும் ஸ்டீரொயிட் ஊசி என்று பிறகுதான் தெரிந்தது. நியூசிலாந்தில் லிகின்ஸ், ஹோவி என்ற இரு வைத்தியர்கள் அதன் பயனை 1972இல் எடுத்துக் காட்டியிருக்கிறார்கள்.

பிள்ளையைக் கண்டதும் அழுதுவிட்டேன். என் உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிய முதுகு. பிறந்த அன்றே தாதி மிஸ் வந்து, "சட்டையைத் திறந்து நெஞ்சோட வைங்கோ" என்றார். பிள்ளைக்கு ஒரு தொப்பி, காலுறை, நப்கின் மட்டும். தவளை மாதிரி நெஞ்சில் படுக்க வைத்து, மேலே துணியால் கட்டிவிட்டார். எலும்பு நொறுங்கிவிடுமோ என்று மூச்சு விடவே பயந்தேன். ஆனால் கொஞ்ச நேரத்தில் அந்தக் குளிர்ந்த பாதம் சூடேறியது. என் இதயம் அடிக்க அடிக்க அவன் நித்திரையானான்.

இதைக் கங்காரு முறை என்கிறார்கள். 1978இல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில் இன்குபேட்டர் போதாமல் தவித்தபோது எட்கர் ரே சனாப்ரியா என்ற வைத்தியர் தொடங்கியது. இல்லாமையில் பிறந்த வழிதான். ஆனால் 2021இல் வெளிவந்த பெரிய ஆய்வொன்று அதன் பெறுமதியைக் காட்டியது. டெல்லி உட்பட ஐந்து நாடுகளின் ஆஸ்பத்திரிகளில், 1 கிலோவுக்கும் 1 கிலோ 800 கிராமுக்கும் இடைப்பட்ட நிறையுள்ள ஏறத்தாழ 3,200 பிள்ளைகள். உடல்நிலை சீராகும்வரை காத்திருந்து நெஞ்சில் வைத்தவர்களில் 28 நாட்களுக்குள் 100க்கு 16 பேரளவில் இறந்தார்கள். பிறந்த உடனேயே வைத்தவர்களில் 12 பேர். பலன் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வையே முன்கூட்டி நிறுத்திவிட்டார்கள். அடுத்த வருடம் உலக சுகாதார நிறுவனம், நாளைக்கு 8 மணித்தியாலம் முதல் 24 மணித்தியாலம்வரை இப்படி வைத்திருக்கச் சொன்னது.

காரணம் சிம்பிள். குறைமாதப் பிள்ளைக்குத் தோலுக்கடியில் கொழுப்புக் குறைவு. உடம்பு குளிர்ந்தால், சூடேற்றவே தன்னிடமுள்ள சீனியையும் ஒட்சிசனையும் செலவழித்துவிடும். பிறகு மூச்சு விடவும் வளரவும் என்ன மிஞ்சும்? தாயின் உடம்பு அந்தச் செலவை ஏற்றுக்கொள்கிறது. பாலும் நன்றாகச் சுரக்கும்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் பிரச்சினை. மாமி தேன் போத்தலோடு வந்தார். "மகள், கொஞ்சம் நாக்கில தொட்டு வைப்பம்." நான் மறுத்தேன். பிள்ளையை எந்நேரமும் நெஞ்சில் கட்டிக்கொண்டு திரிவதும் அவருக்குப் பிடிக்கவில்லை. "கைச்சூடு பழக்காத, புள்ள" என்பார். எனக்குக் கோபம் வந்தது. ஆய்வைப் பற்றிப் பாடம் எடுப்பது போலச் சொல்லி முடித்தேன்.

மாமி கன நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "இது எப்ப கண்டுபுடிச்சது?"

"1978இல, மாமி."

அப்போதுதான் சொன்னார். 1990 ஒக்டோபரில் இரண்டு மணித்தியாலத்தில் ஊரை விட்டு வந்தபோது அவர் வயிற்றில் பிள்ளை. புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் ஏழாம் மாதமே பிறந்துவிட்டது. பெண் பிள்ளை. மழை. துணியில் சுற்றி, பக்கத்தில் சுடுதண்ணிப் போத்தல் வைத்தார்களாம். மூன்றாம் நாள் இரவு மௌத்தாகிவிட்டது. "நெஞ்சில வைக்கச் சொல்லி ஆருமே சொல்லேல்ல, மகள்."

வைத்திருந்தால் பிழைத்திருக்கும் என்று என்னால் சொல்ல முடியாது. அல்லாஹ்வே அறிந்தவன். ஆனால் பன்னிரண்டு வருடமாக உலகத்தில் இருந்த ஒரு விஷயம் அந்தக் கொட்டிலுக்கு வந்து சேரவில்லை.

அடுத்த நாள் நான் குளிக்கப் போகும்போது மகனை மாமியின் நெஞ்சில் வைத்தேன். குளித்துவிட்டு வந்தும் திருப்பிக் கேட்கவில்லை. அசர்வரை அப்படியே சாய்ந்திருந்தார். தேன் போத்தல் குசினிக்குத் திரும்பிவிட்டது. ஒரு வயதுக்குள் எந்தப் பிள்ளைக்கும் தேன் கூடாது. அதிலிருக்கக்கூடிய கிருமி பிள்ளையின் நரம்பையே தாக்கும்.

அதனால் என் வேண்டுகோள். குறைமாதப் பிள்ளை பிறந்த வீட்டில் தாயைக் குசினிக்கு அனுப்பாதீர்கள், பிள்ளையோடு சாய்ந்திருக்க விடுங்கள். வாப்பாமாரே, உங்கள் நெஞ்சும் சூடுதான், வெட்கப்பட வேண்டாம். பார்க்கப் போகிறவர்கள் முத்தம் கொடுக்காமல் துஆ மட்டும் கொடுத்துவிட்டு வாருங்கள். பிள்ளை பால் குடிக்காவிட்டால், பாதம் குளிர்ந்தால், மூச்சு வேகமாக இழுத்தால், உடம்பு மஞ்சளானால் விடியட்டும் என்று பார்க்க வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். சந்தேகம் இருந்தால் மிட்வைஃப் மிஸ்ஸைக் கேளுங்கள், வீடு தேடி வருபவர் அவர்தான்.

மகன் இப்போது வீடு முழுக்க ஓடித் திரிகிறான். விழுந்தால் என்னிடம் வருவதில்லை, மாமியிடம்தான் ஓடுகிறான்.

அந்தப் பெண் பிள்ளைக்காகவும் ஒரு துஆ செய்யுங்கள்.