வேப்பமரத்து நிலையம்

மகாலட்சுமி மில் சங்கு ஊதினால் மதுரைப் பசுமலையில் யாரும் கடிகாரத்தைத் தேட மாட்டார்கள். சங்குக்கு அடுத்தபடி எங்கள் தெருவுக்கு மணி சொன்னது பெரியப்பா வீட்டு ரேடியோ. மர்பி வால்வு செட். திருகியவுடன் பேசிவிடாது. உள்ளே சூடேறி, மூலையில் இருந்த பச்சைக் கண் மெல்ல விரிந்த பிறகுதான் இரைச்சலுக்குள்ளிருந்து கொழும்பு கரையேறும். அதற்கு வருஷம் 15 ரூபாய் லைசென்ஸ். தபால் ஆபீஸில் பணம் கட்டி வாங்கிய அந்தச் சின்னப் புத்தகத்தைப் பெரியப்பா ரேஷன் கார்டோடு சேர்த்துப் பெட்டியில் பூட்டி வைத்திருப்பார்.

எழுபதுகளின் நடுப்பகுதி. காலையில் இலங்கை வானொலியின் 'பொங்கும் பூம்புனல்' முடிவதற்குள் குளித்துவிட வேண்டும். அறிவிப்பாளர் கே.எஸ்.ராஜா பேச ஆரம்பித்தால் டீக்கடையில் கிளாஸ் கழுவுகிற சத்தம் அடங்கும். இன்னொரு அறிவிப்பாளர் அப்துல் ஹமீதைக் கேட்டுத்தான் எங்கள் ழகரம் ஓரளவு வழிக்கு வந்தது. பாட்டெல்லாம் நம் ஊர்ப் பாட்டு, அனுப்புவது மட்டும் ஏன் இலங்கை என்று ஒருநாளும் தோன்றவில்லை.

அந்தக் கோடை லீவில் நாங்களே ஒரு நிலையம் தொடங்கினோம். வாசல் வேப்பமரம்தான் கலையகம். பித்தளைக் குடத்துக்குள் வாயை வைத்துப் பேசினால் குரல் கணீரென்று வரும், அதுதான் மைக். மாலை நாலு மணிக்கு அத்தையும் அக்கம்பக்கத்துப் பெண்களும் மரத்தடியில் உட்கார்ந்து முழக்கூலிக்குப் பூக்கட்டுவார்கள். அவர்களே நேயர்கள். எழுந்து போக முடியாது என்ற தைரியம் எங்களுக்கு.

முதல் நாள் சித்தி மகன் ஒரு சோகப் பாட்டோடு ஆரம்பித்தான். அடுத்ததும் சோகம். மூன்றாவதற்கு அவன் தொண்டையைக் கனைத்தபோது அத்தை நிமிர்ந்தாள்.

"ஏண்டா மாப்ளே, எடுத்த எடுப்புலயே ஒப்பாரியா? இங்க யாரு செத்துட்டா?"

பெண்கள் சிரித்த சிரிப்பில் நிலையம் அன்றைக்கு மூடப்பட்டது. ராத்திரி அத்தை பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் விரல் நிற்கவில்லை. நாலு மல்லிகை, ஒரு சுருக்கு. மறுபடி நாலு. ஒரு சாண் போனதும் கொஞ்சம் மரிக்கொழுந்து.

"வெறும் மல்லியாவே கட்டுனா பத்து நிமிசத்துல மூக்கு மறந்துரும். நடுவுல இத வச்சாத்தான் திரும்ப மல்லி வாசம் தெரியும்."

மறுநாளிலிருந்து நோட்டும் பென்சிலுமாக ரேடியோ முன்னால் உட்கார்ந்தேன். அதுவரை பாட்டை மட்டும் கேட்டவனுக்கு, பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் யாரோ ஒருவர் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. ஆண் குரலுக்குப் பின்னால் பெண் குரல். துள்ளலுக்குப் பின்னால் கொஞ்சம் மூச்சு. விளம்பரத்துக்கு முன்னால் எல்லோருக்கும் பிடித்த ஒன்று.

விளம்பரம் எங்களுக்கும் கிடைத்தது. முக்குக்கடை அண்ணாச்சி, "என் கடை பேரச் சொல்லுங்கப்பா, ஆளுக்கு ரெண்டு கடலை மிட்டாய்" என்றார். ஒருமுறை சொன்னோம், பெண்கள் ரசித்தார்கள். ஆசை விடவில்லை. மிட்டாய் நாலானது, பேர் ஏழு தடவை ஒலித்தது. "பாட்டப் போடுறியா, இல்ல குடத்தக் குடுக்குறியா, தண்ணிக்குப் போகணும்" என்றாள் அத்தை.

நாங்கள் மிட்டாய்க்காகச் செய்ததை இலங்கை வானொலி 1950லேயே பெரிதாகத் தொடங்கியிருந்தது என்பதை வளர்ந்த பிறகுதான் படித்தேன். வர்த்தக ஒலிபரப்பைக் கட்டியெழுப்பியவர் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கிளிஃபோர்ட் டாட். தமிழில் அதற்குக் குரலானவர் எஸ்.பி.மயில்வாகனம். நேசநாட்டுப் படைகளுக்காக ஏகலையில் நிறுவிய ஒலிபரப்பி இலங்கை வானொலியின் கைக்கு வந்திருந்தது. அதன் வீச்சு கடல் தாண்டியது. இங்கே 1952ல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி.கேஸ்கர் காலத்தில் ஆகாசவாணியில் சினிமாப் பாட்டு அருகிப்போக, நேயர்கள் கொழும்புக்கு முள்ளைத் திருப்பினார்கள். அந்தப் போட்டிக்கு 1957 அக்டோபர் 3ல் பிறந்தது விவித் பாரதி. அதில் விளம்பரம் நுழைய 1967 ஆக வேண்டியிருந்தது.

இலங்கை வானொலியின் இந்திப் பிரிவில் அப்போது ஒரு பழக்கம் இருந்தது. காலையில் பழைய பாட்டுகளின் வரிசை எப்படிப் போனாலும் கடைசிப் பாட்டு கே.எல்.சைகலுடையதாக இருக்கும். அது கேட்டால் மணி எட்டாகப் போகிறது என்று வட இந்திய வீடுகளில் அடுப்பை இறக்குவார்கள். எங்களுக்குச் சங்கு, அவர்களுக்குச் சைகல்.

இன்று மதுரைப் பண்பலை நிலையங்களில் பாட்டுகளை வரிசைப்படுத்தும் இந்த வேலைக்கு 'புரோகிராமிங் ஹெட்' என்று பெயர், சம்பளம், ஏசி அறை எல்லாம் உண்டு. ஒரே பாடகர் அடுத்தடுத்து வராமல் கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்கிறது. சேல்ஸ் ஆட்களுக்கும் நேயருக்கும் நடுவில் அவர் படும் பாட்டை நினைத்தால் எனக்கு அண்ணாச்சியும் அத்தையும்தான் ஞாபகம் வருவார்கள்.

லீவு முடியும் கடைசி மாலை. வரிசை கச்சிதமாக அமைந்துவிட்டது. பூ தீர்ந்தும் பெண்கள் எழவில்லை. "இன்னொண்ணு பாடுறா" என்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. குடத்தை எடுக்கப் போனேன்.

அத்தை சரத்தின் நுனியில் கடைசி முடிச்சைப் போட்டு நாரைக் கிள்ளினாள்.

"போதும் மாப்ளே. கேட்கும்போதே நிறுத்திரணும்."

குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு தண்ணிக்குப் போனாள்.