470 இடம், 470 வேட்பாளர்

கியூபத் தலைநகர் ஹவானாவில் தேர்தல் வந்தாலும் காது வலிக்காது. ஒலிபெருக்கி கிடையாது, கட்-அவுட் கிடையாது, கூட்டணிப் பேரமும் கிடையாது. பிரசாரத்துக்கே தடை. உப்புக் காற்றில் காரை உதிரும் பழைய கட்டடங்களின் சுவரில் வேட்பாளரின் போட்டோவும் வாழ்க்கைக் குறிப்பும் தொங்கும். அவ்வளவுதான்.

ஓட்டுச் சாவடி பல இடங்களில் பள்ளிக்கூடம். பெட்டிக்குக் காவல் போலீஸ் அல்ல. கழுத்தில் துணி கட்டிய சீருடைச் சிறுவர்கள். சீட்டு உள்ளே விழுந்ததும் சல்யூட் அடித்து, "வோத்தோ" என்பார்கள். ஸ்பானிய மொழியில், ஓட்டுப் போட்டாயிற்று என்று அர்த்தம்.

யார் ஜெயிப்பார்கள் என்பதில் மர்மம் இல்லை. 2023 மார்ச் 26-இல் நடந்த தேசிய சபைத் தேர்தலில் 470 இடங்களுக்கு 470 பேர்தான் நின்றார்கள். 470 பேரும் ஜெயித்தார்கள். பாதிக்கு மேல் ஓட்டு வாங்காதவர் தோற்க வேண்டும் என்பது சட்டம். 1993-இல் நேரடித் தேர்தல் தொடங்கியதிலிருந்து அப்படித் தோற்றவர் ஒருவரும் இல்லை.

ஏட்டளவில் கம்யூனிஸ்ட் கட்சி வேட்பாளரை நிறுத்துவதில்லை. உள்ளூர் மன்றத்துக்குத் தெருக் கூட்டத்தில் மக்களே பெயர் சொல்லலாம். ஆனால் அண்டை வீட்டார் பார்க்கக் கையை உயர்த்தியாக வேண்டும். அந்தத் தேர்தலில் போட்டியாவது உண்டு. தேசிய சபைக்கு வரும்போது தொழிற்சங்கம், மகளிர், மாணவர், விவசாயிகள் அமைப்புகள் அடங்கிய குழு பட்டியலை வடிகட்டிவிடும். அதன் பிறகுதான் ரகசிய ஓட்டு.

ஆகவே கியூப மக்களிடம் மிஞ்சியிருக்கும் ஆயுதம் ஒன்றுதான்: வராமல் இருப்பது. ஓட்டுப் போடுவது கட்டாயமல்ல. சோவியத் யூனியன் சரிந்து, சாப்பாட்டுக்கே திண்டாடிய 1993-இலும் 99 சதவீதத்துக்கு மேல் ஓட்டுப் போட்டார்கள். தெருவுக்குத் தெரு பாதுகாப்புக் குழு இருக்கும் நாட்டில் வீட்டிலேயே இருந்துவிடுவது லேசான காரியமல்ல. 2013-இல் அது 91 சதவீதம், 2018-இல் 86. மின்வெட்டும் விலைவாசியும் வாட்ட, 2021 ஜூலையில் மக்கள் வீதிக்கு வந்தார்கள். பிறகு லட்சக்கணக்கானோர் நாட்டைவிட்டே போனார்கள். 2023-இல் ஓட்டுப் பதிவு 76 சதவீதம்.

அதாவது சுமார் 20 லட்சம் பேர் சாவடிப் பக்கமே வரவில்லை. வந்தவர்களிலும் சுமார் 6 லட்சம் பேர் போட்டது வெற்றுச் சீட்டு அல்லது செல்லாத சீட்டு. அரசு இதை வெற்றி என்றது.

சபையின் ஆயுள் ஐந்து ஆண்டு. 2028-இல் மறுபடி தேர்தல் வர வேண்டும். அப்போதும் யார் ஜெயிப்பார் என்று ஹவானாவில் யாரும் கேட்கமாட்டார்கள். எத்தனை பேர் வருவார்கள் என்பதுதான் கேள்வி.