பல்லைப் பார்க்கிறோம், ஊசியைக் கேட்பதில்லை



ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மூன்று வாரம் இருக்கும்போதே பூந்தமல்லி, திருமழிசை, ஆவடி, அம்பத்தூர்ப் பகுதிச் சந்துகளில் ஆடுகள் வந்து சேரத் தொடங்கிவிடும். மாடிப்படிக்குக் கீழே ஒன்று, தண்ணீர்த் தொட்டியருகே ஒன்று என்று கட்டப்பட்டிருக்கும். மக்தபுக்கு வரும் பிள்ளைகளின் சட்டையில் ஆட்டு வாடை அடிக்கும். பாடத்தைவிட ஆட்டைப் பற்றிய பேச்சே அதிகமாக இருக்கும். நான் கண்டிப்பதில்லை. அறுக்கப்படவிருக்கும் பிராணியின் மீது பிரியம் உண்டாவதும் குர்பானியின் ஒரு பகுதி என்றே கருதுகிறேன். ஆனால் அந்தப் பிரியமே சில வேளைகளில் ஆட்டைக் கொன்றுவிடுகிறது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் என் மாணவன் ஒருவனின் தகப்பனார், சரக்கு ஆட்டோ ஓட்டுபவர், சீட்டுப் பணத்தில் ஒரு செம்மறிக் கிடா வாங்கினார். திருவள்ளூர், காஞ்சிபுரம் பக்கத்துக்கே உரிய சிவப்பு இனம். கால்நடைத் துறையினர் ‘மெட்ராஸ் ரெட்’ என்பார்கள். காய்ந்த புல்லைக் கடித்து வளர்ந்த ஆடு. இங்கே வந்ததும் அதற்கு ராஜ உபசாரம் நடந்தது. காலையில் ஊறவைத்த அரிசி, மதியம் மீந்த சோறு, மாலையில் மக்காச்சோளமும் கடலைப் புண்ணாக்கும். பக்கத்து வீட்டார் வேறு தங்கள் பங்குக்குக் கொடுத்தார்கள். பத்து நாளில் பார்ப்பவர் வியக்கும்படி திரண்டுவிட்டது. பெருநாளுக்கு நான்கு நாள் இருக்க, இஷாவுக்குப் பின் நன்றாக அசைபோட்டுக்கொண்டிருந்த ஆடு, ஃபஜ்ருக்கு எழுந்து பார்த்தபோது தலையைப் பின்னுக்கு இழுத்தபடி கால்களை உதைத்துக்கொண்டு கிடந்தது. மருத்துவரை அழைத்து வருவதற்குள் உயிர் போய்விட்டது.

“கண்ணேறு பட்டுவிட்டது ஹஜ்ரத். வருகிறவர் போகிறவரெல்லாம் பார்த்துப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள்” என்று பையனின் தாயார் அழுதார்.

கண்ணேறு உண்மை என்பது ஹதீஸில் வந்த செய்தி. அதை மறுப்பதற்கு நான் யார்? ஆனால் வெளிப்படையான காரணம் ஒன்று கண்முன் கிடக்கும்போது, அதை விட்டுவிட்டு அண்டை வீட்டுப் பெண்ணின் கண்ணைக் குற்றம் சாட்டுவது வேறு விஷயம். அந்தப் பெருநாளில் அவ்விரு வீட்டாரும் ஒருவருக்கொருவர் ஸலாம்கூடச் சொல்லிக்கொள்ளவில்லை. ஆடு போனதைவிட அது என்னை அதிகம் வருத்தியது.

வந்த மருத்துவர் முதலில் கேட்டது, “என்ன தின்றது?” என்பதைத்தான். பிறகு நோயின் பெயரைச் சொன்னார்: துள்ளுமாரி.

இந்நோயை உண்டாக்கும் குளோஸ்ட்ரிடியம் வகைக் கிருமி எங்கிருந்தோ வருவதன்று. ஆரோக்கியமான ஆட்டின் குடலிலும் அது சிறிதளவு குடியிருக்கும். புல் தின்று பழகிய வயிற்றில் திடீரென்று தானியத்தைக் கொட்டினால், செரிக்காத மாவுச்சத்து சிறுகுடலுக்கு இறங்கும். கிருமிக்கு அது விருந்து. மளமளவென்று பெருகி நஞ்சைக் கக்கும். நஞ்சு இரத்தத்தில் கலந்து மூளையைத் தாக்கும். சில மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். மழைக்குப்பின் தளதளவென்று முளைக்கும் இளம்புல்லை மேயும் மந்தைகளிலும் இதே கதைதான். மெலிந்த ஆடு பிழைத்துக்கொள்ளும். நன்றாகத் தின்று கொழுத்த ஆடே முதலில் விழும். கண்ணேறு என்று மக்கள் நினைப்பதற்குக் காரணமும் அதுவே.

வந்தபின் மருந்து பெரும்பாலும் பலிக்காது. வருமுன் போடும் ஊசி உண்டு. நம் பூந்தமல்லியிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் நேரே மேற்கே போனால் வரும் இராணிப்பேட்டையில், 1932இல் தொடங்கப்பட்ட கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம் இருக்கிறது. தமிழகத்துக் கால்நடைகளுக்கான தடுப்பூசிகளை உற்பத்தி செய்யும் அரசு நிறுவனம் அது. கர்ப்பிணிப் பெண்களுக்கு ரணஜன்னி ஊசி போடுகிறோமே, அந்த நோயின் கிருமியும் இதே குளோஸ்ட்ரிடியம் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். நஞ்சின் வீரியத்தை நீக்கி, உடலுக்கு அதை அடையாளம் காட்டுவதே இரண்டு ஊசிகளின் வேலையும். வீட்டுப் பெண்களுக்குத் தயங்காமல் போட்டுக்கொள்ளும் நாம், ஆட்டுக்கு என்றால் “எதற்கு?” என்கிறோம்.

மாடுகளைக் கூட்டம் கூட்டமாக வாரிக்கொண்டு போன வெக்கை நோய் உலகிலிருந்தே ஒழிந்துவிட்டதாக 2011இல் அறிவிக்கப்பட்டது. துள்ளுமாரியை அப்படி ஒழிக்க முடியாது. கிருமி குடலிலும் மண்ணிலும் இருக்கிறது. ஆகவே ஆண்டுதோறும் மழைக்காலத்துக்கு முன் ஊசி போட்டாக வேண்டும். முதன்முறை போடும் குட்டிக்குச் சில வார இடைவெளியில் இரண்டாவது ஊசியும் தேவை. சினை ஆட்டுக்குக் குட்டி ஈனுமுன் போட்டால் சீம்பால் வழியாகக் குட்டிக்கும் பாதுகாப்புப் போய்ச் சேரும்.

ஊசி போட்ட அன்றே காப்பு வந்துவிடாது. இரண்டு வாரமாவது செல்லும். பெருநாளுக்குப் பத்து நாள் முன் வாங்கிய ஆட்டுக்கு அப்போது ஓடிப்போய் ஊசி போட்டு என்ன பயன்? அறுப்புக்கும் ஊசிக்கும் இடையே விடவேண்டிய நாள்கணக்கும் உண்டு. அதை மருத்துவரிடம் கேட்க வேண்டும். ஆக, ஊசி வளர்ப்பவர் கையில் இருக்கும்போதே போடப்பட வேண்டியது. நாம் ஆட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்க்கிறோம், கொம்பைப் பார்க்கிறோம், காதைப் பார்க்கிறோம். “துள்ளுமாரிக்கு ஊசி போட்டீர்களா, எப்போது?” என்று யாரும் கேட்பதில்லை. வாங்குகிறவர்கள் கேட்கத் தொடங்கினால் விற்கிறவர்கள் போடத் தொடங்குவார்கள். “என்ன தீனிக்குப் பழகியது?” என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். முதல் சில நாள் அதையே கொடுத்து, தானியத்தைக் கைப்பிடி கைப்பிடியாக மட்டுமே கூட்டுங்கள். பிள்ளைகளிடம் அரிசிக் கிண்ணத்துக்குப் பதிலாகத் தழையைக் கொடுத்து அனுப்புங்கள்.

மாடு வளர்க்கும் சகோதரர்கள் சப்பை நோயையும் மறக்க வேண்டாம். ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரையுள்ள, நல்ல வாளிப்பான கன்றுகளையே அது தாக்கும். தொடை வீங்கும், அழுத்தினால் நறநறவென்று ஒலிக்கும். அதற்கும் மழைக்கு முன் ஊசி இருக்கிறது.

“அல்லாஹ் நாடியது நடக்கும், ஊசி எதற்கு?” என்று கேட்போருக்கு, ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன ஹதீஸை நினைவூட்டுகிறேன். நோயுற்ற கால்நடையை ஆரோக்கியமானவற்றோடு கலக்க வேண்டாம் என்று தடுத்ததும் நபி (ஸல்) அவர்களே.

வழக்கமாக என்னிடம் வரும் மஸ்அலாக்கள் சில. ஊசி போட்ட இடத்தில் தோலுக்கடியில் சிறு கட்டி இருந்தால் அது குர்பானிக்குத் தடையாகும் குறையன்று. துடித்துக்கொண்டிருக்கும் ஆட்டை அவசரமாக அறுத்து, பெருநாள் கணக்கில் சேர்க்க முடியாது. குர்பானிக்கு அதற்குரிய நாள் உண்டு, நோய் வெளிப்படையாகத் தெரியும் பிராணியும் அதற்கு ஆகாது. வாங்கிய ஆடு இறந்துவிட்டால், ஹனஃபி மத்ஹபின்படி வசதியுள்ளவர் வேறொன்று கொடுக்க வேண்டும். வசதியில்லாதவர் மீது கடமையில்லை. அந்த ஆட்டோக்காரச் சகோதரருக்கு நான் சொன்னதும் இதுதான்.

இறந்த உடலை இரவோடிரவாக ஏரிக்கரையில் போட்டுவிட்டு வருவது நம் பகுதியில் நடக்கிறது. அங்கே வேறொருவரின் மாடுகள் மேய வரும். சப்பை நோயில் செத்த மாட்டின் கிருமி வித்துகள் மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடிருக்கும். உடலைக் கிழிக்காமல், ஆழமாகக் குழி தோண்டி, சுண்ணாம்பு தூவிப் புதைக்க வேண்டும். வீட்டில் இடமில்லாதவர்கள் அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் சொன்னால் வழிகாட்டுவார்கள்.