மண்ணுக்குள் ஒரு வழி

பானையில் நிறைந்திருக்கும் நீரைப் பார்க்கிறோம். குழாய் வாயிலிருந்து கொட்டும் நீரையும் பார்க்கிறோம். ஆனால் வீதிக்கும் வீட்டுக்கும் இடையே மண்ணுக்குள் வரும் நீரை நாம் நினைத்துப் பார்ப்பதே இல்லை. கண்ணுக்குத் தெரியாதது கருத்திலும் இருப்பதில்லை போலும்!

கோவை மக்களாகிய நமக்குச் சிறுவாணி என்றால் தனிப் பெருமைதான். அந்நீரை இந்நகருக்குக் கொண்டுவர வேண்டும் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே வாதாடியவர் சே. ப. நரசிம்மலு நாயுடு. அவர் 1922இல் மறைந்தார். சிறுவாணி நீர் நகரை வந்தடைந்தது அதற்குச் சில ஆண்டுகள் கழித்துத்தான். தாம் விரும்பிய நீரை இவ்வூரில் ஒரு வாய் பருகும் பேறு அவருக்குக் கிட்டவில்லை. பின்னர்க் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் பெரிய அணை எழுந்தது. 1984இல் அப்பணி முடிந்தது. பவானியில் கலக்கும் ஆற்றின் நீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே நம்மிடம் வருகிறது.

மலையைக் கடந்து வந்த அந்நீர், எங்கள் வீட்டு வாசலில் நாற்பது அடியைக் கடக்க மாட்டாமல் தவித்தது. மீட்டரிலிருந்து தரைத்தொட்டி வரை சென்ற இரும்புக் குழாய் என் பிறப்புக்கு முன்னரே புதைக்கப்பட்டது. முதலில் வரும் இரண்டு குடம் செங்காவி நிறத்தில் இருக்கும். முற்றத்தில் ஓரிடம் கோடையிலும் ஈரமாக இருக்கும். அங்கே அருகம்புல் மட்டும் செழிப்பாக வளர்ந்தது.

சென்ற ஆண்டு என் தங்கைக்கு மஞ்சள் காமாலை வந்தது. மருத்துவர் உணவைப் பற்றிக் கேட்டார். பிறகு தண்ணீரைப் பற்றிக் கேட்டார். காரணம் எங்கள் குழாய்தான் என்று அறுதியிட்டுக் கூற இயலாது. ஆயினும் அதன் இயல்பை எண்ணிப் பாருங்கள். நீர் வரும் வேளையில் குழாய்க்குள் அழுத்தம் மிகுதி. ஓட்டை வழியே நீர் வெளியே கசியும். நீர் நின்றதும் அழுத்தம் குறைகிறது. அப்போது வெளியே தேங்கிய அழுக்கு நீர் அதே ஓட்டை வழியே உள்ளே புகும். அடுத்த முறை முதலில் வருவது அந்த நீரே! அருகில் சாக்கடை ஓடினால் கேட்கவே வேண்டாம்.

ஆள் வைத்துச் செய்தால் அப்பாவின் இரண்டு வாரக் கூலி போய்விடும். ஓர் இரவு அப்பா, "ஏங்கண்ணு, நாமளே தோண்டிப் போட்றலாமா?" என்றார். "சரிங்கப்பா" என்றேன்.

வீதிக் குழாயிலிருந்து மீட்டர் வரையுள்ள பகுதி மாநகராட்சியின் பொறுப்பு; அதை நாம் தொடலாகாது. மீட்டருக்கு இப்பால் உள்ளதே நம்முடையது. நீர் வராத நாட்களாகப் பார்த்து வேலையைத் தொடங்கினோம். இரண்டடி ஆழம், நாற்பதடி நீளம். எழுதும்போது எளிதாகத்தான் இருக்கிறது! மேலே கரிசல், ஓரடிக்குக் கீழே சுக்கான் கல். கடப்பாரை விழுந்த இடத்தில் கைதான் அதிர்ந்தது. இரண்டாம் நாள் மாலை என் உள்ளங்கையில் கொப்புளங்கள். அப்பாவின் கையிலோ ஒன்றுமில்லை. முப்பது ஆண்டுத் தறிவேலை அந்தக் கைக்கு என்ன செய்திருக்கிறது என்பதை அன்றுதான் கண்டேன்.

பழைய குழாயை அறுத்து உள்ளே பார்த்தபோது திடுக்கிட்டேன். அரை அங்குலத் துளையில் பாதியைத் துரு அடைத்திருந்தது. விட்டம் பாதியானால் நீரும் பாதியாகும் என்று எண்ணுவோம். அப்படியன்று. அதே அழுத்தத்தில் வரும் நீர் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்காகிவிடும். பாடப்புத்தகத்தில் படித்த சூத்திரம் கைப்பிடி அளவு துருவாக எதிரே கிடந்தது.

புதிதாகப் போட்டது நீலக்கோடிட்ட கருநிற எச்.டி.பி.ஈ. குழாய், வெளிவிட்டம் 25 மில்லிமீட்டர். அது துருப்பிடிக்காது. சுருளாக வருவதால் நாற்பதடிக்கும் நடுவில் இணைப்பே வேண்டாம். கரிசல் மண் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும். அந்த அசைவில் இணைப்புகள்தாம் முதலில் விட்டுக்கொடுக்கும். ஆகவே சலித்த மணலைக் கீழே நான்கு விரற்கடை பரப்பி, அதன்மேல் குழாயைச் சற்றுத் தளர்வாக வளைத்துக் கிடத்தினோம். கல் படாமல் மேலேயும் மணல் இட்டோம். இணைப்பு இருந்த இரு முனைகளை மட்டும் மூடவில்லை.

தண்ணீர் விடும் நாள் வந்தது. இரு முனைகளுக்கும் அடியில் பழைய செய்தித்தாளை விரித்து, தொட்டியருகே வால்வை மூடிவிட்டு ஒரு மணி நேரம் காத்திருந்தோம். தாள் நனையவில்லை. பிறகு வால்வைத் திறந்து முதல் நீரைச் செடிகளுக்கு விட்டோம். தொட்டியைப் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவிய பின்னரே அதில் நீர் நிரப்பினோம். அப்பத்தா ஒரு சொம்பு வாங்கிக் குடித்தார். "இப்பத்தாங்கண்ணு தண்ணி தண்ணியாட்ட இருக்குது" என்றார். தங்கைக்கு மட்டும் இன்றும் காய்ச்சி ஆறிய நீர்தான். குழாய் புதிது என்பதற்காக அம்மா அந்த வழக்கத்தை விடவில்லை, விடவும் கூடாது.

நண்பர்களே, உங்கள் வீட்டுக் குழாயின் வயது உங்களுக்குத் தெரியுமா? நீர் வரும் வேளையில் தொட்டியின் வால்வையும் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு மீட்டரைப் பாருங்கள். முள் நின்றால் நிம்மதி. நகர்ந்தால், மண்ணுக்குள் நீர் போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். நொடிக்கு ஒரு சொட்டு என்றாலும் நாளொன்றுக்கு நான்கு லிட்டருக்கு மேல் வீணாகும். ஒருவர் ஒரு நாளில் குடிக்கும் நீரைவிட அது அதிகம். மலையைக் குடைந்து கொண்டுவந்த நீரை வாசலில் இழப்பது நமக்குப் பெருமையாகாது.