அவசரம் இறாலுக்குத்தான்

தேங்காய் அரைக்காமல் மீன் சமைத்தேன் என்று நாஞ்சில் நாட்டில் ஒருவர் சொன்னால், அவருக்குச் சமையல் தெரியாது என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். சாளையோ அயிலையோ நெத்திலியோ எதுவானாலும் சரி, துருவலும் வத்தல் மிளகும் மல்லியும் மஞ்சளும் நாலைந்து சின்ன உள்ளியும் சேர்த்து மைய அரைத்த அரைப்பு கொதித்தால்தான் அது கறி. இறாலுக்கும் அதே விதிதான். முருங்கைக்காய் போடலாம், மாங்காய் போடலாம், மேற்கே போகப் போகக் குடம்புளி போடலாம். அரைப்பை மட்டும் விடக்கூடாது. ஈத்தாமொழி நெட்டைத் தென்னைக்குப் புவிசார் குறியீடு வாங்கிய குமரி மாவட்டம் இது. 1956 நவம்பர் 1 அன்று திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழகத்தோடு சேர்ந்தோம். தேங்காய் விஷயத்தில் மட்டும் இன்னும் எல்லை பிரிக்கவில்லை.

அப்படிப்பட்ட ஊரில் பூண்டு, தேங்காய் எண்ணெய், உப்பு, வத்தல், கறிவேப்பிலை, நல்லமிளகு, எலுமிச்சை இவ்வளவை மட்டும் வைத்து இருபது நிமிடத்தில் இறாலை வதக்கிச் சோற்றோடு ராத்திரிச் சாப்பாடு என்று தட்டில் வைத்தால் வீட்டில் ஒருமாதிரிப் பார்ப்பார்கள். என் மைனி, "அரைப்பு இல்லாம என்ன கறி தம்பி? காய்ச்சக்காரனுக்கா வச்சது?" என்றார். சாப்பிட்ட பிறகு ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு கரண்டி மட்டும் எடுத்துப் போட்டுக்கொண்டார்.

வேலை மிச்சம் என்பதற்காக மட்டும் நான் இந்தப் பக்குவத்துக்குப் பரிந்து பேசவில்லை. இறால் காத்திருக்காத பண்டம். ஆட்டிறைச்சி வேக வேகப் பதமாகும். அதிலுள்ள நாரும் சவ்வும் கரைய நேரம் வேண்டும். இறால் சதையில் அப்படிக் கரைய வேண்டியது அதிகமில்லை. சூடு பட்டதும் சதை இறுகுகிறது. இன்னும் கொஞ்சம் பட்டால் தன்னிடமிருக்கும் நீரையெல்லாம் பிழிந்து வெளியே தள்ளிவிடுகிறது. அதற்கு மேல் நம் பல்லுக்குத்தான் வேலை. நம் வீடுகளில் இறாலை அரைப்போடு சேர்த்துப் போட்டு, முருங்கைக்காய் வேகும்வரை கொதிக்க விடுகிறோம். அந்தக் குழம்பு அமிர்தம், மறுப்பதற்கில்லை. ஆனால் ருசி முழுக்கக் குழம்பில் இருக்கும், உள்ளே கிடக்கும் இறாலில் இருக்காது. இதைச் சொன்னதற்காக எனக்குச் சொந்தத்துக்குள்ளேயே பகை உண்டு.

பூண்டில் தொடங்குவோம். தோலுரித்த பல் சும்மா கிடக்கும்வரை அதற்குப் பெரிய மணம் கிடையாது. நசுக்கினால்தான் செல்கள் உடைந்து, உள்ளே தனித்தனியாக இருந்த அல்லின் என்ற பொருளும் அல்லினேஸ் என்ற நொதியும் கலக்கின்றன. அப்போதுதான் மூக்கைத் துளைக்கும் அல்லிசின் பிறக்கிறது. ஆகவே பூண்டை முதலில் அம்மியில் ஒரு தட்டுத் தட்டி ஓரமாக வைத்துவிட்டு மற்ற வேலையைப் பார்க்க வேண்டும். கத்தியால் மெல்லிசாகச் சீவினால் அழகாகத்தான் இருக்கும், ஆனால் கண்மூடித் திறப்பதற்குள் கருகும். தட்டிய பூண்டு கருக நேரமெடுக்கும். கொடைக்கானல் மலைப்பூண்டு கிடைத்தால் நல்லது. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற சரக்கு, பல் சின்னது, காரம் பெரிது. 2024 தொடக்கத்தில் பூண்டு விலை கிலோ 400 ரூபாயைத் தாண்டிப் போனபோது, குழம்பில் கிடக்கும் பூண்டை ஒதுக்கி வைக்கிற பிள்ளைகளுக்கெல்லாம் வீட்டில் திட்டு விழுந்தது.

சீனிச்சட்டி காய்ந்ததும் தேங்காய் எண்ணெய். அதில் முதலில் விழ வேண்டியது இறாலின் தலைகள். பலரும் தூக்கி எறிகிற இந்தத் தலைகளில்தான் கடல் இருக்கிறது. நாலைந்து தலைகளைப் போட்டுக் கரண்டியால் அமுக்கி அமுக்கி வதக்கினால் எண்ணெய் செம்மஞ்சளாக மாறும். பச்சை இறால் சாம்பல் நிறமாகத் தெரிந்தாலும் சிவப்பு உள்ளேயே இருக்கிறது. அஸ்டாசாந்தின் என்ற நிறமியை ஒரு புரதம் பிடித்து வைத்திருக்கிறது, சூட்டில் புரதம் குலைந்ததும் நிறமி விடுபடுகிறது. எண்ணெய் நிறம் ஏறியதும் தலைகளை அரித்தெடுத்துவிட்டுத் தீயைக் குறைத்துப் பூண்டு போட வேண்டும். ஓரம் பொன்னிறமாகும்போது கிள்ளிய வத்தல், ஒரு கொத்து கறிவேப்பிலை. பிறகு தீயைக் கூட்டி, ஈரம் துடைத்த இறாலை ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் பரப்ப வேண்டும். ஈரத்தோடு போட்டால் அது வதங்காது, தன் தண்ணீரிலேயே அவியும். ஒரு பக்கம் வெளுத்துச் சிவந்ததும் திருப்பிப் போட்டு, வால் தூண்டில் முள்போல வளைந்ததும் அடுப்பை அணைத்துவிடலாம். வாலும் கழுத்தும் ஒட்டி வட்டமாகிவிட்டால் நேரம் கடந்துவிட்டது என்று பொருள். அணைத்த பிறகு பொடித்த நல்லமிளகும் அரை மூடி எலுமிச்சையும். மொத்தமே நாலைந்து நிமிடம். வெண்ணெய் போடுகிறவர்கள் போடட்டும். எனக்கு அது எண்ணெய் வாசனையின் மேல் போர்வை போர்த்தியது மாதிரி.

இந்தச் சமையல் நாம் கண்டுபிடித்ததல்ல. ஸ்பெயினில் மண் கிண்ணத்தில் ஆலிவ் எண்ணெய் கொப்புளிக்கப் பூண்டும் இறாலும் மேசைக்கு வரும், ரொட்டியால் எண்ணெயைத் தொட்டுச் சாப்பிடுவார்கள். ஹவாயின் ஓஆஹு தீவில் வடகரைச் சாலையோரம் பூண்டு இறால் வண்டிகள் நிற்கின்றன. 1993-இல் தொடங்கிய ஜியோவானி என்பவரின் வண்டி அவற்றில் பேர் பெற்றது. அங்கே தட்டில் இறாலோடு இரண்டு உருண்டை வெள்ளைச் சோறு வைக்கிறார்கள். சோறு தின்கிற கரையெல்லாம் கடைசியில் ஒரே முடிவுக்குத்தான் வருகிறது.

சோற்று விஷயத்தில் மட்டும் நாம் அவசரக்காரர்கள் அல்ல. நாகர்கோவில் பக்கம் பழகிய சோறு பருத்த புழுங்கலரிசிச் சோறு, அல்லது சிவந்த சம்பா. திருப்பதிசாரம் வேளாண் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட டி.பி.எஸ். 3 ரகம்கூடக் குட்டையான பருத்த அரிசிதான். ஊரின் நாக்கைத் தெரிந்து செய்திருக்கிறார்கள். இந்த அரிசி சாவகாசமாக வேகும். அடுப்பில் வைத்துவிட்டு ஒரு குளியல் போட்டு வரலாம். அப்படியானால் இருபது நிமிடத்தில் ராத்திரிச் சாப்பாடு எப்படி? மத்தியானம் வடித்த சோறுதான் பதில். தண்ணீர் ஊற்றிப் பழையதாக்கிவிடாமல் ஒரு பங்கை ஆறவைத்து எடுத்து வைத்திருந்தால், ராத்திரிக்குள் அது விரைத்துப் பிரிபிரியாக இருக்கும். இறாலை வழித்தெடுத்த அதே சட்டியில், மிச்சமிருக்கும் சிவந்த எண்ணெயில் அந்தச் சோற்றைப் போட்டுப் புரட்டினால் போதும். பாஸ்மதி இங்கே வேண்டாம். அதன் வாசனை இறாலோடு மல்லுக்கு நிற்கும்.

இறாலும் சோறும் ஒரே தட்டில் சேர்வது இந்த மண்ணில் தற்செயல் அல்ல. நாஞ்சில் நாட்டு வயல்களுக்குத் தண்ணீர் கொடுத்து வந்தது பழையாறு. சுசீந்திரம் வழியாக வந்து மணக்குடியில் கடலில் விழுகிறது. அந்தப் பொழிமுகத்தில் ஆற்றுத் தண்ணீரும் கடல் தண்ணீரும் கலக்கிற உவர்நீரில்தான் இறால் குஞ்சுகள் வளர்கின்றன. தாய் இறால் கடலில் முட்டையிடுகிறது. பொரிந்த குஞ்சுகள் அலையோடும் ஓதத்தோடும் காயலுக்குள் வந்து, சில மாதம் தின்று பெருத்து, மறுபடி கடலுக்குப் போகின்றன. மழைக்காலத்தில் ஆறு பெருகிப் பொழி அறுத்துக்கொண்டு ஓடும்போது அவையும் கூட்டமாக வெளியேறும். கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு நெல் போகத்துக்கும் பாய்ந்த ஆற்றின் மிச்சத் தண்ணீர்தான் இறாலுக்குத் தொட்டில். இன்று வயல்கள் வாழைத்தோப்பாகவும் வீட்டுமனையாகவும் மாறிவிட்டன, ஆற்றில் நகரத்துச் சாக்கடை சேர்கிறது. இரண்டும் தட்டில்தான் வந்து முடியும் என்பதை மணக்குடிக்காரர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

இறால் வாங்கக் காலம் பார்க்க வேண்டும். இந்த மாவட்டத்துக்கு ஒரு வேடிக்கையான நிலைமை உண்டு. கிழக்குக் கடலுக்கான மீன்பிடித் தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. சின்னமுட்டம் விசைப்படகுகள் அதற்குக் கட்டுப்பட்டவை. மேற்குக் கடலுக்கான தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. குளச்சலும் முட்டமும் தேங்காய்ப்பட்டணமும் அதில் வரும். ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு தடைக்காலம். அந்த மாதங்களில் வள்ளக்காரர்கள் டிஸ்கோ வலையில் பிடித்து வருகிற இறால்தான் நல்ல இறால். மூன்று அடுக்காகப் பின்னிய அந்த வலைக்கு யார் இந்தப் பெயர் வைத்தார்களோ, ரசிகர்தான். வள்ள இறால் கொஞ்சமாக வரும், விலை கூடுதல், ஐஸ் பட்டிருக்காது. தலை உடம்போடு இறுக்கமாக ஒட்டியிருக்கிறதா, ஓட்டில் கறுப்புப் புள்ளி விழுந்திருக்கிறதா என்று பார்த்தால் போதும். அம்மோனியா வாடை அடித்தால் பேரம் பேசவே வேண்டாம்.

கடல் இறால் இல்லாத நாளில் வளர்ப்பு இறால். பெரும்பாலும் வனாமி. பசிபிக் கரையோர லத்தீன் அமெரிக்காவைச் சேர்ந்த இனம், 2009 முதல் நம் நாட்டில் பண்ணைகளில் வளர்க்க அனுமதி பெற்றது. ஒரே அளவில், ஒரே நிறத்தில், சீருடை போட்ட மாதிரி இருக்கும். பூண்டோடு குற்றமில்லை, ஆனால் தலையை வதக்கிப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். எண்ணெய் சிவக்கும், கடல் வராது. இறால் பண்ணைகளை எதிர்த்து சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பைத் தஞ்சை, நாகை விவசாயிகள் இன்னும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அது தனிக் கதை.

இறாலுக்கு இவ்வளவு மரியாதை வந்ததே சமீபத்தில்தான். திருவிதாங்கூர்க் கரையில் இறாலைக் காயவைத்து பர்மாவுக்கு அனுப்பியிருக்கிறார்கள், மிஞ்சியதைத் தென்னைக்கு உரமாகப் போட்டிருக்கிறார்கள். 1950-களில் உறையவைத்து அமெரிக்காவுக்கு அனுப்பத் தொடங்கிய பிறகு எல்லாம் மாறியது. 1952-இல் கையெழுத்தாகி கொல்லம் நீண்டகரையில் நடந்த இந்தோ-நார்வே திட்டம் இயந்திரப் படகைக் கொண்டுவந்தது. படகின் பின்னால் இழுவை மடி வந்தது, மடிக்காரர்களுக்கும் கட்டுமரக்காரர்களுக்கும் சண்டை வந்தது. குமரிக் கரை கிராமங்கள் அந்தச் சண்டையில் நிறையவே பட்டிருக்கின்றன. ஏற்றுமதியோடு இன்னொரு வேலையும் பிறந்தது, இறால் உரிக்கிற வேலை. கேரளத்து இளம்பெண்கள் குஜராத்தின் வெராவல்வரை போய், ஐஸ் தண்ணீரில் கை விறைக்க நின்று உரித்தார்கள்.

நம் இருபது நிமிடச் சாப்பாட்டின் கணக்கில் வராத நேரம் அதுதான். தெருமுனையில் சாயங்காலம் பெட்டி வைத்து உட்காரும் அம்மாவிடம் ஒரு கிலோ வாங்கினால், தலையும் ஓடும் போகக் கையில் நிற்பது ஏறக்குறைய பாதி. "தலைய கழிச்சா ஒண்ணும் மிச்சமிருக்காது மக்களே, கூட ஒரு அரைக்கிலோ வாங்கிக்கிடுங்க" என்று அவரே சொல்லிவிடுவார். அவர் உரிப்பதைப் பார்த்தால் பார்த்துக்கொண்டே இருக்கலாம். இடது கையில் இறாலைப் பிடித்து, வலது கட்டைவிரலால் தலையைத் திருகி எடுப்பார். கால்களின் பக்கமாக நகத்தைக் கொடுத்து ஓட்டை ஒரே சுற்றில் கழற்றுவார். முதுகில் ஒரு கீறல், கறுப்புக் குடலை நூல்போல உருவி எறிவார். கண் வலது பக்கம் வந்து நிற்கிற அடுத்த ஆளின் மேல் இருக்கும். அதே இறாலை நாம் வீட்டில் உரித்தால், தலையிலுள்ள கொம்பு விரலைக் குத்தும், குடல் பாதியில் அறும், சமையலுக்கு ஆகிற நேரத்தைப்போல ஐந்து மடங்கு அதிலேயே போகும். அவர் விரல்நுனிகளில் கொம்பு குத்திய பழைய வடுக்கள் இருக்கின்றன, மழைக்காலத்தில் அவற்றில் சேற்றுப்புண் வரும் என்று அவரே ஒருநாள் காட்டினார். மீன் விலையில் பத்து ரூபாய் குறைக்கச் சொல்லிச் சண்டைபோடுகிறவர்கள், உரித்துத் தருவதைச் சும்மா செய்கிற உபகாரமாக நினைத்துப் பையை நீட்டுவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஆகவே இந்த ராத்திரிச் சாப்பாட்டைச் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு ஒன்றே ஒன்று. மீன் விலையில் பேரம் பேசுங்கள், அது சந்தை வழக்கம். உரிக்கிற கூலியில் பேசாதீர்கள். எவ்வளவு என்று தனியாகக் கேட்டுத் தனியாகக் கொடுங்கள். அப்படியே, தலைகளைக் குப்பையில் போட்டுவிடாமல் ஒரு கவரில் கட்டித் தரச் சொல்லுங்கள்.